ஏழாவது கல்லை நான் வைத்துவிட்டேன்

டிசம்பர் 1, ஞாயிறு

மூச்சு வாங்கினால் எழுதுங்கள், நெஞ்சு படபடத்தால் எழுதுங்கள், அடுத்த முறை வரும்போது கொண்டுவந்து காட்டுங்கள் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். மூச்சு வாங்கவில்லை. படபடப்பும் இல்லை. கோபம்தான் வருகிறது. அதற்கு ஏதாவது மாத்திரை இருந்தால் எழுதிக் கொடுக்கட்டும்.

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு இன்றைக்குத்தான் முதல் முறையாக மைதானத்தில் இறங்கினேன். எங்கள் ஹவுசிங் யூனிட்டில் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் கிடக்கும் காலி இடத்தைத்தான் மைதானம் என்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையானால் வீட்டுக்கு வீடு ஆள் இறங்கிவிடும். அப்பன், ஆத்தா, பிள்ளைகள் எல்லோரும். நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடும் பெண்களைப் பார்க்கவே பக்கத்துத் தெருவிலிருந்து கூட்டம் வரும்.

ஆட்டம் எப்போதும் ஏழு கல்லுதான். தட்டைக் கற்கள் ஏழை அடுக்கி வைப்போம். ஒரு கட்சி பந்தால் அடித்து அதைச் சாய்க்கும். சாய்த்தவர்கள் திரும்ப அடுக்கி முடிப்பதற்குள் எதிர்க்கட்சி அதே பந்தால் அவர்களை அடிக்க வேண்டும். பந்து பட்டவர் அவுட். அடுக்கி முடித்தால் “ஏழு கல்லு!” என்று கத்தலாம், ஜெயித்த மாதிரி. இதில் எங்கள் யூனிட்டுக்கென்று ஒரு சட்டம் உண்டு. பெற்றவர்களும் பிள்ளைகளும் ஒரே கட்சியில் இருக்கக் கூடாது. சொந்தப் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கிறார்கள், இழுத்துப் பிடிக்கிறார்கள் என்று என்றைக்கோ வந்த சண்டையில் உண்டான சட்டம். அதனால் நானும் என் மனைவி பூங்கொடியும் ஒரு பக்கம், எங்கள் மகள் தாரணி எதிர்ப்பக்கம்.

இன்றைக்கு நான் போட்ட ஆட்டத்தை என்னவென்று சொல்ல! கல்லுக்கு நேர் முன்னால் நின்றேன். குனிந்தேன், அடுக்கினேன், நிமிர்ந்தேன். ஒரு பந்து வரவில்லை. “ஏழு கல்லு!” என்று கத்தினேன். எல்லோரும் கை தட்டினார்கள். எதிர்க்கட்சியும் தட்டியது. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

எதிர் வீட்டு ஷாஜகானின் மகன் இர்ஃபான் எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் பந்தோடு நின்றவன், என்னை விட்டுவிட்டுத் தூரத்தில் ஓடிய அவன் அப்பனைக் குறி பார்த்து எறிந்திருந்தான். கூப்பிட்டுக் கேட்டேன்.

“ஏண்டா, இத்தாம் பெருசா நிக்கறேன். என்னைய உட்டுப்போட்டு உங்கப்பனை அடிக்கறே?”

“மாமா, நீங்க ஒப்புக்குச் சப்பாணிங்க மாமா. உங்களை அடிச்சாலும் கணக்கில்லீங்க.”

ஒப்புக்குச் சப்பாணி! ஆட்டத்தில் என்னையும் சேர்த்துக்கொள் என்று அழும் மூன்று வயதுக் குழந்தையைச் சமாதானப்படுத்தக் கொடுக்கும் பட்டம் அது. கூடவே ஓடலாம், கத்தலாம், அவுட் கிடையாது, கணக்கும் கிடையாது. எனக்கு வயது நாற்பத்து நாலு. கோபி ஊரில் பாதிப் பேருக்கு கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான்.

டிசம்பர் 3, செவ்வாய்

காலையில் உப்பில்லாத உப்புமா. பெயரிலாவது உப்பு இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். என் கார் கற்றுக்கொடுக்கும் கார், என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் எங்கேயாவது கொண்டுபோய் விடப் பார்த்தால் நான் மிதிப்பேன். இப்போது என்னைச் சுற்றி இருக்கிறவர்கள் எல்லோருடைய காலடியிலும் எனக்கான பிரேக் ஒன்று இருக்கிறது. மாடிப்படி ஏறினால் பூங்கொடி மிதிக்கிறாள். தண்ணீர்க் குடம் தூக்கினால் ஷாஜகான் மிதிக்கிறான். சத்தம் போட்டுப் பேசினால் முதலாளி மிதிக்கிறார்.

இன்றைக்கும் ஒருவர் நலம் விசாரிக்க வந்தார், பூங்கொடியின் பெரியப்பா மகன். எப்படிங்க மாப்ள ஆச்சு என்றார். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். “ஏழு கல்லு ஆடிட்டிருந்தமுங்க. என்ற புள்ள எறிஞ்சா பாருங்க ஒரு பந்து, நேரா நெஞ்சுல. அவுட்டுன்னு சிரிச்சுட்டே நாலெட்டு வெச்சனுங்க, நேரா ஐசியூ!” மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். இதைச் சொன்னால் சிரிக்காத ஆள் இன்னும் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களும் சிரித்தார்கள். நோயாளியைப் பார்க்க வருகிறவர்களை நோயாளியே சிரிக்க வைத்து அனுப்புவது சாதாரண விஷயமா?

நிஜமாகவே என்ன எறி அது! ஆயுத பூசை முடிந்த ஞாயிறு. தாரணி ஆறாம் வகுப்புதான் படிக்கிறாள், ஆனால் இந்த யூனிட்டில் அவள் கைக்கு ஈடான கை கிடையாது. அந்த வாரம் முழுக்க எனக்கு வாயுத் தொல்லை, ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டே ஆடினேன், இல்லாவிட்டால் அந்தப் பந்துக்கு விலகியிருப்பேன்.

சிரித்து முடித்து உள்ளே திரும்பினால் தாரணி காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். காபி ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. சர்க்கரையும் இல்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

நாச்சிமுத்து அண்ணனைப் பிடித்துவிட்டேன். யூனிட்டுக்குச் செயலாளர் அவர், ஆட்டத்துக்கு நடுவரும் அவரே. அவருக்குத் தெரியாமல் இங்கே ஒருவரையும் சப்பாணி ஆக்க முடியாது.

“ஏனுங்கண்ணா, என்னைய ஒப்புக்குச் சேத்திருக்கறீங்களாமா?”

“அட, நான் எதுவும் சொல்லலீங்க தம்பி. பசங்க என்னமோ பேசி வெச்சிருக்கறாங்க. உடுங்க, போச்சாது. உங்களுக்கும் நல்லதுதானுங்களே?”

“எனக்கு நல்லது எதுன்னு எனக்குத் தெரியுமுங்க. நோம்பிக்குள்ள என்னைய ஆளாச் சேக்கோணும்.”

நோம்பி என்றால் பூப்பறிக்கிற நோம்பி. காணும் பொங்கலன்றைக்கு யூனிட்டே வேன் பிடித்து வாய்க்கால் மேட்டுக்குப் போகும். பெண் பிள்ளைகள் ஆவாரம்பூ பறிப்பார்கள், பிறகு கட்டுச்சோறு, பிறகு அந்த வருடத்தின் பெரிய ஆட்டம். அதில் போய்ச் சப்பாணியாக நிற்க நான் தயாரில்லை என்று கத்திச் சொன்னேன். “சத்தம் போடாதீங்க தம்பி, நெஞ்சு” என்றார். நெஞ்சைச் சொல்லி வாயை அடைப்பது இப்போது எல்லோருக்கும் பழகிவிட்டது.

இன்னொரு சங்கதி. தாரணி இன்றைக்குப் பந்தைத் தொடவே இல்லை. எல்லையில் நின்று கல் பொறுக்கிக் கொடுத்தாள். கேட்டதற்கு முழங்கை வலி என்றாள். போன வாரமும் அப்படித்தான் நின்றாள் என்று பூங்கொடி சொல்கிறாள். என் கோபத்தில் நான் கவனிக்கவில்லை.

டிசம்பர் 11, புதன்

எலும்பு டாக்டரிடம் தாரணியைக் கூட்டிப் போனேன். கையை மடக்கினார், நீட்டினார், படம் எடுக்கச் சொன்னார். ஒன்றும் இல்லையாம். ஒன்றும் இல்லாமல் ஒரு பிள்ளைக்கு வாரக் கணக்கில் கை வலிக்குமா என்று கேட்டேன். அவர் தாரணியைப் பார்த்து, “ஸ்கூல்ல ஏதாச்சும் பிரச்சினையாம்மா?” என்றார். கையைப் பார் என்றால் பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறார்.

வரும் வழியில் பேக்கரியில் நிறுத்தினேன். அவளுக்குத் தேங்காய் பன். எனக்கும் ஒன்று வாங்கினேன். என் கையிலிருந்து பிடுங்கி நாய்க்குப் போட்டுவிட்டாள்.

டிசம்பர் 15, ஞாயிறு

மழை. ஆட்டம் இல்லை. உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போயிற்று.

டிசம்பர் 18, புதன்

முறுக்கு டப்பாவில் கை வைத்தேன், அவ்வளவுதான். “அம்மா! அப்பா முறுக்கு எடுக்கறாங்க!” என்று ஊர் கேட்கக் கத்தினாள் தாரணி. மாத்திரை போட்டேனா என்று அட்டையை எடுத்துப் பார்க்கிறாள். நான் குளிக்கப் போனால் வெளியே நின்று, “அப்பா, தண்ணி ஊத்தற சத்தமே காணோம்?” என்கிறாள். பெற்ற பிள்ளையா, போலீஸா?

பூங்கொடியிடம் நேரடியாகவே கேட்டுவிட்டேன். என்னைச் சப்பாணியாக்கியது அவள்தானே என்று.

“நான் எதுக்குங்க மாமா பசங்ககிட்டப் போயிச் சொல்றேன்? சொல்லோணும்னா உங்ககிட்டயே சொல்லுவேன், ஆடாதீங்கன்னு.”

“அப்ப யாரு?”

“எனக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். பூங்கொடிக்குப் பொய் சொல்ல வராது, அப்படிப்பட்ட நேரத்தில் வெங்காயத்தை எடுத்துக்கொள்வாள். அடுத்து செய்ததோ ரசம். ரசத்துக்கு எதற்கு அத்தனை வெங்காயம்?

டிசம்பர் 22, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்.

இன்றைக்கு ஆட்டத்துக்கு நடுவில் பந்து இர்ஃபான் கைக்குப் போனதும் நான் போய் அவன் முன்னால் முதுகைக் காட்டி நின்றேன். “எறிடா பாக்கலாம்” என்றேன். எறியவில்லை. “ஆம்பளையா இருந்தா எறிடா” என்றேன். ஒன்பது வயதுப் பையனிடம் பேசும் பேச்சா என்று ஷாஜகான் அந்தப் பக்கமிருந்து திட்டினான். பையன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொன்னான்.

“முடியாதுங்க மாமா. தாரணி அக்கா எல்லார்த்துகிட்டயும் சத்தியம் வாங்கிருக்கறாங்க. உங்க மேல யாருமே எறியக் கூடாதுன்னு. எறிஞ்சா அவங்க ஆட்டத்துக்கே வரமாட்டாங்களாம்.”

என் பிள்ளையா! என்னைச் சப்பாணியாக்கியது என் சொந்தப் பிள்ளையா! நாச்சிமுத்து அண்ணனைத் திட்டினேன், பூங்கொடியைத் திட்டினேன், வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. நேராக அவளிடம் போனேன். வாட்டர் டேங்க் நிழலில் கற்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் அம்முணி, அப்பன் உனக்கு அவ்வளவு இளக்காரமாப் போயிட்டனா? ஊரு முன்னாடி என்னையச் சப்பாணின்னு நிறுத்தியிருக்கறே?”

அவள் நிமிரவில்லை.

“கேக்கறேன்ல? உன் கையும் வலிக்கல. அந்த டாக்டரு சொல்லிட்டாரு. எதுக்குப் பொய் சொன்னே? எதுக்கு எறிய மாட்டேங்கற?”

“எறிஞ்சா செத்துருவீங்க” என்றாள்.

“எவன் சொன்னான்?”

“நான்தான எறிஞ்சேன்.” கையிலிருந்த கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அன்னைக்கு நான்தான உங்க நெஞ்சுல எறிஞ்சேன்.”

டிசம்பர் 23, திங்கள்

எழுத ஒன்றும் இல்லை. மூச்சு வாங்கவில்லை.

டிசம்பர் 24, செவ்வாய்

யார் சொன்னார்கள் அந்தப் பிள்ளையிடம்? எனக்கு அதுதான் தெரிய வேண்டும். பதினொரு வயதுப் பிள்ளை காதில் போய், உன் பந்தால்தான் உன் அப்பன் விழுந்தான் என்று ஊதியவன் எவனோ, அவன் நாக்கு அழுகத்தான் வேண்டும். நாச்சிமுத்து அண்ணன் வீட்டு அக்காவுக்கு வாய் நீளம், அவராக இருக்கும். அல்லது ஆஸ்பத்திரிக்கு வந்த என் தங்கை. அவளுக்கு எதையும் யோசித்துப் பேசத் தெரியாது. இப்படி ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தேன். பூங்கொடி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

“நீங்கதான் மாமா.”

“நானா?”

“வந்தவங்க போனவங்ககிட்டயெல்லாம் ‘என்ற புள்ள எறிஞ்சா, நேரா ஐசியூ’ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சதாரு? அவ பக்கத்துலயே நின்னாளுங்க. ஒவ்வொரு தடவையும் நின்னா.”

“அது தமாசு!”

“உங்களுக்குத் தமாசு.”

“அப்ப நீயேன் அப்பவே சொல்லல?”

“எனக்கே இப்பத்தான தெரியும்? பந்துன்னாலே பயந்துக்கறா, நீங்க கீழ உழுந்ததப் பாத்த பயம், நாளானாப் போயிரும்னு நெனச்சேன். சத்தியம் வாங்குனது தெரியும். அது நல்லதுதானேன்னு உட்டுட்டேன்.” முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டு, “இன்னொண்ணு கேக்கறேன். ஆயுத பூசை வாரம் பூராம் ஓமத் தண்ணி ஓமத் தண்ணின்னு குடிச்சீங்களே, அது எதுக்குங்க மாமா?” என்றாள்.

ஓமத் தண்ணீர் யார்தான் குடிப்பதில்லை? மனிதனுக்கு வாயு வராதா? அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எழுந்து வந்துவிட்டேன். பூங்கொடிக்கு வேண்டாத நேரத்தில் வேண்டாததெல்லாம் ஞாபகம் வரும்.

சாயங்காலம் கேஸ் சிலிண்டர் போட வந்தவர், “இப்ப எப்படி இருக்குதுங்க, பந்து பட்டுருச்சாமா?” என்றார். “பந்துமில்லை, மண்ணுமில்லை. ரத்தக் குழாயில அடைப்பு. பத்து வருசமா ஊதுன பீடி” என்றேன், கொஞ்சம் உரக்கவே. உள்ளறை வரைக்கும் கேட்டிருக்கும். பீடி விஷயம் பூங்கொடிக்குப் புதுசு. அதற்குத் தனியாக ஒரு சண்டை நடந்தது.

ஜனவரி 2, வியாழன்

டாக்டரம்மாவிடம் போனேன், தாரணியையும் கூட்டிக்கொண்டு. இந்த நோட்டைக் கேட்டார். மறந்து வைத்துவிட்டு வந்தேன் என்றேன். ஓடும் பெல்ட்டில் ஏற்றி நடக்க விட்டார்கள். நன்றாக இருக்கிறதாம். விளையாடலாமா என்றேன். ஓடலாம், மெதுவாக ஆரம்பியுங்கள் என்றார். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுவதால் லேசாக அடிபட்டாலும் கன்றிப்போகும், அதற்காகப் பயப்பட வேண்டாம் என்றார்.

பிறகு தாரணியைப் பக்கத்தில் உட்கார வைத்து, அட்டையில் இதயம் வரைந்து, அழகாகச் சொன்னார். இந்த அடைப்பு பல வருடமாகச் சேர்ந்தது, பந்து பட்டு வருவதில்லை, அன்றைக்கு நீ எறியாவிட்டாலும் வந்திருக்கும்.

தாரணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “அப்புறம் ஏனுங்க மேடம் பந்து பட்டதும் உழுந்தாங்க?”

“அது தற்செயல்டா கண்ணு.”

தலையாட்டினாள். இந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும். கிளட்ச் புரிந்ததா என்று கேட்டால் எங்கள் ஸ்கூலில் எல்லோரும் இப்படித்தான் ஆட்டுவார்கள், அடுத்த நிமிடம் வண்டி அணைந்துபோகும்.

தற்செயலாம்! பெரிய படிப்புப் படித்தவர், ஒரு பிள்ளைக்குச் சொல்ல வேறு வார்த்தையா கிடைக்கவில்லை? வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜனவரி 5, ஞாயிறு

எறிந்தாள். நான் கெஞ்சிக் கேட்டதற்காக எறிந்தாள். பந்து என் சட்டையைத் தொட்டது எனக்கே தெரியவில்லை. கல்யாண வீட்டில் அட்சதை போடுகிறவர்கள்கூட இதைவிட வேகமாகப் போடுவார்கள். “எறிஞ்சுட்டேன்ல, போதுமா?” என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

என்னை ஆளாகச் சேர்க்காவிட்டால் போகட்டும். அந்தக் கை இப்படிப் போவதை என்னால் பார்க்க முடியவில்லை. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து கையில் கிடைத்ததை எறிந்தவள். கரண்டி, செருப்பு, என் செல்போன் எதையும் விட்டதில்லை. அப்போதெல்லாம் அடி கொடுத்து நிறுத்தப் பார்த்தோமே, நிற்கவில்லையே.

ஜனவரி 10, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் எறிபந்து அணிக்குப் பெயர் கேட்டார்களாம். கொடுக்கவில்லை. இர்ஃபான்தான் வந்து சொன்னான்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பானை எங்கள் வீட்டுக்கு முன்னால் கிழக்குப் பக்கம் பொங்கியது. எனக்கு ஒரு கரண்டி கொடுத்தார்கள், நெய் இல்லாமல். பண்டிகை நாளில் நான் சண்டை போடுவதில்லை.

ஜனவரி 16, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், ஏனென்றால் இந்த யூனிட் முழுக்க இப்போது பொய் சொல்லித் திரிகிறது.

காலையில் இரண்டு வேன். வாய்க்கால் மேட்டில் இந்த வருடம் ஆவாரம்பூ மஞ்சளாகக் கொட்டிக் கிடந்தது. பெண் பிள்ளைகள் பறித்தார்கள், தாரணியும் போனாள். நான் வேப்ப மரத்தடியில் புளிச்சோறு கூடைக்குக் காவல். குரங்கு வரும் என்று என்னை உட்கார வைத்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

சாப்பிட்டு ஆறியதும் பெரிய ஆட்டம். நான், பூங்கொடி, ஷாஜகான், இன்னும் சில பெற்றோர் ஒரு பக்கம். தாரணி, இர்ஃபான் எல்லாம் எதிர்ப்பக்கம். ஆட்டம் தொடங்கும் முன் நாச்சிமுத்து அண்ணன் கை தூக்கி, “சென்னியப்பன் தம்பி ஒப்புக்கு!” என்று அறிவித்தார். எல்லோர் முன்னாலும், பெயர் சொல்லி! நான் போய் என் இடத்தில் நின்றுகொண்டேன்.

கடைசிச் சுற்று. ஷாஜகான் அடித்துக் கல்லைச் சாய்த்தான். பிள்ளைகள் வரிசையாக எங்கள் ஆட்களை அவுட்டாக்கினார்கள். ஷாஜகான் போனான். பூங்கொடி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆறு கல் அடுக்கினாள், ஆறாவதில் இர்ஃபான் எறிந்த பந்து இடுப்பில் பட்டு அவளும் போனாள். நான் மட்டும் மிச்சம். சப்பாணி அடுக்கினால் கணக்கில்லை, ஆகவே ஜெயித்துவிட்டோம் என்று பிள்ளைகள் குதிக்கத் தொடங்கிவிட்டார்கள். பந்து தாரணி காலடிக்கு உருண்டு போயிருந்தது. எடுத்துக் கையில் சும்மா வைத்திருந்தாள்.

நான் நடந்து போனேன். ஓடக்கூட இல்லை. ஏழாவது கல்லை எடுத்தேன். அடுக்குக்கு மேலே கொண்டுபோனேன். வைத்தேன். “ஏழு கல்லு!” என்று கத்தினேன்.

“இல்லை!” என்றாள் தாரணி.

“என்ன இல்லை? வெச்சாச்சு! ஏழு கல்லு! ஜெயிச்சாச்சு!”

“கையை எடுக்கவே இல்லை நீங்க! கல்லு உங்க கையிலயே இருக்குது!”

“நல்லாப் பாரு. வெச்சாச்சு. அண்ணா, கணக்கு எழுதுங்க! புள்ளைங்க தோத்தாங்க!” நான் குனிந்தபடியே, கையைக் கல்லிலிருந்து எடுக்காமல், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மற்றவர்களைப் பார்த்துக் கத்தினேன். “இதுகளுக்கு ஆடவும் தெரியல, பாக்கவும் தெரியல!”

“அப்பா! அழுகுணி ஆட்டம் ஆடறீங்க!”

“யாரு அழுகுணி? உங்க கச்சிதான் அழுகுணி! தோத்துப்போயிட்டுப் பேசறதப் பாரு!”

இந்தப் பிள்ளை எதையும் தாங்கும், கள்ள ஆட்டத்தைத் தாங்காது. பூங்கொடியின் இரத்தம் அது. மூன்று வயதில் பரமபதத்தில் நான் ஒரு கட்டம் தள்ளி வைத்ததற்குப் பலகையையே தூக்கி எறிந்தவள்.

“அழுகுணி!” என்று ஒரு கத்தல். அதற்குப் பின்னாலேயே பந்து.

முதுகில், சரியாக நடுவில். சத்தம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, முட்டி மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கல் சரிந்தது.  பூங்கொடி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நாச்சிமுத்து அண்ணன் போனை எடுத்துவிட்டார். தாரணி எறிந்த கையை அப்படியே முன்னால் நீட்டியபடி நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன், அதைப் பற்றி எழுத மாட்டேன்.

எழுந்தேன். மண்ணைத் தட்டினேன்.

“நான் அவுட் இல்லை” என்றேன்.

இர்ஃபான் மட்டும் சரிந்த கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

“கல்லை வெச்சதுக்குப் பொறவுதான் பந்து பட்டுச்சு! இது செல்லாது! ஏன் சாமி, இப்படியா அடிப்பே, முதுகெலும்பே போச்சு! ஆனா நான் அவுட் இல்லை. ஏனுங்கண்ணா, சொல்லுங்க!”

தாரணி அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழத்தான் செய்தாள், ஆனால் அழுதுகொண்டே இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

“அவுட்டு! நீங்க அவுட்டு! கை கல்லு மேல இருந்துச்சு!”

“இல்லவே இல்லை!”

“இருந்துச்சு! இர்ஃபான் பாத்தான்! எல்லாரும் பாத்தாங்க! அம்மா, சொல்லும்மா!”

“ஆமாங்க மாமா, கை இருந்துச்சு” என்றாள் பூங்கொடி. கட்டின மனைவி, என் கட்சி ஆள்!

நாச்சிமுத்து அண்ணன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தொண்டையைச் செருமினார். “தம்பி ஒப்புக்குச் சப்பாணி. அதனால அவுட்டும் இல்லை, ஒண்ணுமில்லை.”

“ஒப்புக்கெல்லாம் இல்லீங்க பெரியப்பா!” என்று தாரணி அவர் மேல் பாய்ந்தாள். “எங்கப்பா ஆளுதான்! ஆளா அவுட்டு! எழுதுங்க!”

வேன் கிளம்பும் வரை சண்டை. வேனுக்குள்ளும் சண்டை. யூனிட் வந்து இறங்கியும் சண்டை. ஆவாரம்பூவை இருக்கையிலேயே மறந்துவிட்டார்கள்.

ஜனவரி 17, வெள்ளி

முதுகில் பந்து அளவுக்குக் கன்றிப் போயிருக்கிறது. நடுவில் கருநீலம், ஓரத்தில் பச்சை. மாத்திரையின் வேலை. குளியலறைக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக் கழுத்தைத் திருப்பி வெகுநேரம் பார்த்தேன். வெளியிலிருந்து யாரும் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்கவில்லை. தாரணி மைதானத்தில் இருந்தாள். டேங்க் சுவரில் பந்து மோதும் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

பூங்கொடி மஞ்சள் பற்றுப் போட வந்தாள். போட்டுக்கொண்டே, “உண்மையச் சொல்லுங்க மாமா. கையை வேணும்னுதான வெச்சிருந்தீங்க?” என்று கேட்டாள்.

நான் சொல்லவில்லை. இங்கேயும் எழுத மாட்டேன். ஏழாவது கல்லை நான் வைத்துவிட்டேன், அவ்வளவுதான். அவள் பற்றுப் போட்டு முடித்தும் கையை முதுகிலேயே வைத்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் தாரணி வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தாள். எறிபந்துக்குப் பெயர் கொடுக்கத் திங்கட்கிழமை கடைசி நாளாம், கையெழுத்து வேண்டுமாம். போட்டுக் கொடுத்தேன். போகிறவள் நின்று, என் முதுகைப் பார்த்தாள். விரலால் நடுவில் அழுத்தினாள்.

“வலிக்குதாப்பா?”

“வலிக்குது.”

“நல்லா வலிக்கட்டும். அழுகுணி” என்றாள்.